தண்ணி குடிக்காத பொண்ணு

ஜெயக்கொடி வேலை பார்க்கும் நைட்டிப் பட்டறையில் பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்கக் கூடாதென்று ஒருவரும் சட்டம் போடவில்லை. வாசலிலேயே மண்பானை இருக்கிறது, மேலே எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்திருக்கிறது. ஆனால் குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் கட்டிங் மாஸ்டரிடம் சாவி கேட்க வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு, ஆண்கள் நின்று துணி வெட்டும் நீள மேசையைச் சுற்றி, இரண்டு மாடி இறங்கி, முதலாளி வீட்டுப் பின்பக்கம் போய் வர வேண்டும். வந்ததும் மாஸ்டர், “இன்னாம்மா, இவ்ளோ நேரமா?” என்பார். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் கேட்பார். அதனால் வண்ணாரப்பேட்டையின் அந்தச் சந்தில் தைக்க வரும் பெண்கள் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். பதினோரு மணி டீயில் பாதி, சோற்றோடு இரண்டு வாய்த் தண்ணீர், அத்தோடு சரி. புதிதாக வருகிறவள் ஒரு வாரம் காலை மாற்றி மாற்றிப் போட்டுத் தவிப்பாள். பிறகு அவளுக்கும் பழகிவிடும்.

ஜெயக்கொடி இதில் கெட்டிக்காரி. ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு போய்க்கொண்டிருக்கும் நாட்களில், தலைக்கு மேல் கூரை கொதிக்க, ஓவர்லாக் மெஷினில் துணியை ஓட்டிக்கொண்டே இருப்பாள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், எழுந்திருக்க மாட்டாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். நகை போட்டுப் பார்க்கிற ஆசையோடு சொல்லிக்கொடுத்தாள்.

மகள் பெயர் எழில்மொழி. எட்டு வயது, மூன்றாவது படிக்கிறாள். அப்பா பீம்ராவ் ஆசைப்பட்டு வைத்த பெயர். எண்ணூர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன் அவன். வண்டி வரிசையில் நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் சாய்ந்து புத்தகம் படிப்பான். அவ்வளவு அழகான பெயரை வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் முதல் நாளே ‘எயிலு’ ஆக்கிவிட்டார்கள். பீம்ராவ் எவ்வளவோ திருத்திப் பார்த்தான், கடைசியில் அவனும் எயிலு என்றே கூப்பிட ஆரம்பித்தான்.

அந்தக் குடியிருப்பில் மாடிக்கு எட்டு வீடு, நடையின் கோடியில் இரண்டு கக்கூஸ். ஒன்று எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும். இன்னொன்றுக்கு விடியும் முன்பே வாளியோடு வரிசை நிற்கும். எழில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது அங்கேயும் கதை அதுதான், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஜெயக்கொடி மகளை மடியில் உட்கார வைத்துச் சொன்னாள்: “காலைல வூட்ல போ. சாய்ங்காலம் வூட்ல வந்து போ. நடுவுல டீச்சராண்ட கேக்காத. நல்ல பொண்ணுங்கோ கேக்க மாட்டாங்கோ.” எழில் நல்ல பொண்ணாக இருந்தாள். தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பினது மாதிரியே திரும்பி வந்தது. “எம் பொண்ணு தண்ணியே கேக்க மாட்டா தெரியுமா” என்று பட்டறையில், மாடிப்படியில், ரேஷன் கடையில் எல்லாம் ஜெயக்கொடி சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேட்டவர்களும் மெச்சினார்கள்.

சித்திரை வெயிலில்தான் அது தொடங்கியது. எழிலின் ஜட்டியில் கறை. முதலில் கொஞ்சம், பிறகு தினமும். தண்ணீராக, கசிந்த மாதிரி. வயிற்றால் போகிறது என்றுதான் ஜெயக்கொடி நினைத்தாள், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பாலை நிறுத்தினாள். கீரையை நிறுத்தினாள். வாழைக்காய் வறுத்துப் போட்டாள், மாதுளைத் தோலைக் காய்ச்சிக் கொடுத்தாள், பொட்டுக்கடலையை மென்று தின்னச் சொன்னாள். தண்ணீர் அதிகம் குடித்தால் அதிகம் போகுமென்று அதையும் இன்னும் குறைத்தாள். எழில் சொன்னதெல்லாம் தின்றாள். கறை நின்றபாடில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கக்கூசுக்குள் போய் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள், வெளியே வாளிகள் தரையில் தட்டும், பாதியில் எழுந்து வந்துவிடுவாள். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்குமென்று ஜெயக்கொடிக்குத் தோன்றவே இல்லை.

பாவாடையில் வாடை வந்த பிறகும், “எனக்குத் தெரிலம்மா” என்றாள் எழில். அதுதான் ஜெயக்கொடிக்கு ஆத்திரம். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் துணியில் ஆனது தெரியாமல் போகுமா? திமிர் என்று முடிவு கட்டினாள். கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், சுருட்டி ஒளித்து வைத்த ஜட்டிகள் கிடைக்கக் கிடைக்க அந்த முடிவு கெட்டிப்பட்டது.

ஆடி மாதத்தில் பெரம்பூரில் ஒரு கல்யாணம், பீம்ராவின் சித்தப்பா மகளுக்கு. ஆடியில் மண்டபம் சும்மா கிடக்கும் என்பது ஒரு காரணம், மற்றவர்கள் வைக்காத மாதத்தில் நாங்கள் வைப்போம் என்கிற வீம்பு இன்னொன்று. புத்தர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி, பிரியாணிக்கு இலை போடும் நேரத்தில், எழில் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி ஆட்கள் எழுந்து வேறு பக்கம் போக ஆரம்பித்தார்கள். ஒருத்தி மட்டும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, “கொயந்த எதையோ மிதிச்சிட்டு வந்துட்டா போல” என்றாள். புது மஞ்சள் கவுனின் பின்புறம் நனைந்திருந்தது. பீம்ராவ் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். ஜெயக்கொடி சாப்பிடாமல் மகளை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

வீட்டுக்கு வந்து அவள் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தோசைக் கரண்டியின் காம்பை அடுப்பில் காட்டி மகளின் இடது தொடையில் வைத்தாள். ஒரு தடவைதான். படுக்கையில் போகிற பிள்ளைக்குச் சூடு வைத்தால் நின்றுவிடும் என்று அந்தக் குடியிருப்பில் சொல்லாதவர்கள் இல்லை. நிற்கட்டும் என்றுதான் வைத்தாள், அப்படித்தான் அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழில் கத்தவில்லை. அதுதான் ஜெயக்கொடியைப் பிறகு தூங்கவிடவில்லை. பீம்ராவ் வந்து கேட்டபோது, குக்கர் மூடி விழுந்துவிட்டது என்றாள். எழில் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

கறை நிற்கவில்லை. மறு மாதம் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வகுப்பில் பிள்ளைகள் நாற்றத்தைச் சொல்லி எழிலைக் ‘கப்பு’ என்று கூப்பிடுகிறார்கள், பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை, டாக்டரிடம் காட்டிச் சரிசெய்துவிட்டுக் கூட்டி வாருங்கள் என்றார். டீச்சர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், ஜெயக்கொடிதான் செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்தாள். வீட்டில் தனியே விட முடியாமல் மகளைப் பட்டறைக்கு இட்டுப்போனாள். எழில் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து நைட்டிகளில் தொங்கும் நூலை வெட்டினாள். அவள் நூல் வெட்டிக் கொடுத்த நைட்டிகளை ஜிப் வைக்கிற பெண் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்து வைத்தாள்.

டாக்டரிடம் போவதில் ஜெயக்கொடிக்கு ஒரே ஒரு பயம்தான். அவர்கள் பாவாடையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அடுத்த மெஷினில் அஜீசுன்னிசா. பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறார்கள். சோற்று நேரத்தில் அவள் தன் டப்பாவோடு ஜெயக்கொடியை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“இன்னா ஜெயா, பொண்ணு இஸ்கூலுக்குப் போவலியா?”

“ஒடம்பு சரியில்லக்கா.”

“என்னாண்ட மறைக்காத. வாடை வருது. எனக்கு மூக்கு கீது.”

ஜெயக்கொடி சோற்றைப் பிசைந்தாள்.

“எம் புள்ள ஒவைசு பெரிய கிளாஸ் போற வரிக்கும் பாய நனச்சான். தெரியுமா ஒனக்கு? இந்தப் பட்டறைல யாருக்கும் சொன்னதில்ல. தெனம் காலைல எய்ந்து பாயக் கயிவி மாடில போடுவேன். பக்கத்து வூட்டுக்காரி பாக்கறதுக்குள்ள போட்டுட்டு வந்துடணும்னு ஓடுவேன்.”

“இப்ப?”

“இப்ப தோளுக்கு மேல வளந்து நிக்கிறான். மாதவரத்துல ஏசி மெக்கானிக்கு. கொயந்தைங்க ஆஸ்பத்திரில காட்டினேன். திங்கக்கெயம ஒரு டாக்டரம்மா இதுக்குன்னே பாப்பாங்கோ. மூத்திரம், வெளிக்கி, எல்லாம். நம்ம நெனச்சிகினு கீறோம் நம்ம புள்ளைக்கு மட்டும்தான் இப்டின்னு. அங்க போய்ப் பாரு, எவ்ளோ கொயந்தைங்க.”

“துணிய அவுத்துப் பாப்பாங்களாக்கா?”

“பாக்காம எப்டி? வயித்த அமுக்கிப் பாப்பாங்கோ, முதுக, கால எல்லாம் பாப்பாங்கோ. அதுக்கு இன்னா, கொயந்த தானே.” அஜீசுன்னிசா எலுமிச்சை ஊறுகாயை எழிலின் தட்டில் வைக்கத் தனியே எடுத்தாள். “எங்க வூட்டுக்காரரு ஒரு நாளு சூடு வெச்சா நின்னுடும்னு கரண்டியக் காய வெச்சிகினு வந்துட்டாரு. நான் குறுக்க போய்க் கையப் புடிச்சிகினேன். வெக்கிறதுன்னா எனக்கு வைய்யா மொதல்லன்னேன். கொயந்தைக்கி சூடு வெக்க எப்டிதான் மனசு வருதோ, இல்ல ஜெயா?”

“ஆமாக்கா” என்றாள் ஜெயக்கொடி.

சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை அவள் மெஷின் நிற்கவே இல்லை. பேச்சுக் கொடுக்க முடியாத சத்தம் அதற்கு உண்டு.

ராத்திரி சோறு ஆக்கும் நேரத்தில் பீம்ராவ் எண்ணூரிலிருந்து போன் பண்ணினான். பின்னால் டிரெய்லர்களின் ஹாரன். டீச்சர் சொன்னதை ஜெயக்கொடி சொன்னாள்.

“நாளன்னிக்கி லோடு எறக்கிடுவேன் ஜெயா. நான் எயில ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போறேன். நீ வேலைக்கிப் போ.”

“வேணாம்யா. நான் போறேன். பொம்பளப் புள்ளைய நீ எப்டி இட்டுகினு போவ?”

“எம் பொண்ணுதானே.”

“நான் போறேன்னா வுடேன்.”

வரிசையில் வண்டி நகர்ந்தது, அவன் கியரை மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி, போ” என்றான்.

திங்கட்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். மாற்றுத் துணி, பழைய பேப்பர், ஒரு பாட்டிலில் கழுவத் தண்ணீர் எல்லாம் பையில். பஸ்ஸில் இடம் இருந்தும் எழில் உட்காரவில்லை. ஜெயக்கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னாள்: “டாக்டரு காலப் பாத்து இன்னான்னு கேட்டா?”

“குக்கர் மூடி” என்றாள் எழில், ஜன்னலைப் பார்த்தபடி.

அஜீசுன்னிசா சொன்னது பொய்யில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறையப் பிள்ளைகள். தாய்மார்கள் எல்லோருமே பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஞானம் என்ற நர்ஸ் பெயர் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. ஜெயக்கொடியிடம் பேசும் முன் எழிலிடம் பேசினார். என்ன படிக்கிறாய், பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டார். “யாரும் ஒக்கார மாட்டாங்கோ” என்றாள் எழில், சாதாரணமாக.

பிறகு கேள்விகள். எத்தனை நாளுக்கு ஒரு தடவை வெளிக்கிப் போகிறாள், கல்லு மாதிரியா இளக்கமாவா, போகும்போது வலிக்குதா, அழறாளா, மூத்திரம் தெரியாம போகுதா. ஜெயக்கொடிக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

“ஸ்கூல்ல பாத்ரூம் போவாளா?”

இதற்குப் பதில் தெரியும். “சேச்சே, போவவே மாட்டா மேடம். காலைல வூட்ல போனா சாய்ங்காலம் வந்துதான். சின்னதுலேந்து அப்டிதான் பயக்கம்.”

“தண்ணி?”

“கேக்கவே மாட்டா மேடம். பாட்டிலு அப்டியே வரும்.” வழக்கமான பெருமை தன் குரலில் ஏறியதை அவளே கேட்டாள். டாக்டர் மெச்சவில்லை. ஞானம் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

எழிலைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், ஜெயக்கொடியின் கையைப் பிடித்து எழிலின் அடிவயிற்றில் இடப்பக்கம் வைத்தார். “அழுத்தாதீங்க, சும்மா வைங்க. கையில என்ன தட்டுது?”

களிமண் உருண்டை மாதிரி இருந்தது. ஒன்றில்லை, வரிசையாக. ஜெயக்கொடி கையை வெடுக்கென்று எடுத்தாள். “கட்டியா மேடம்?”

“மலம்மா. எவ்ளோ நாளா அடைச்சுக்கிட்டிருக்கோ. உங்க வீட்டுப் பக்கம் கக்கூஸ் அடைச்சிக்குமா?”

“தெனம்.”

“அடைச்சா என்ன ஆகும்? மேல ஊத்துற தண்ணி ஓரமா வழியும்ல? அதான் இவ துணியில வர்றது. வயித்தால போகல. போகவே இல்ல. வலிக்குதுன்னு அடக்கிருக்கா, அடக்க அடக்க இறுகிருக்கு, உள்ள விரிஞ்சு போயி வர்ற உணர்வே மரத்துப் போச்சு. தெரியலம்மான்னு சொல்வாளே?”

“சொல்லுவா.”

“நிஜமாவே தெரியாது அவளுக்கு.”

ஜெயக்கொடி சுவரைப் பார்த்தாள். வாழைக்காய், மாதுளைத் தோல், பொட்டுக்கடலை. அடைத்த சாக்கடைக்குள் அவள் மேலும் மேலும் மண்ணைப் போட்டிருக்கிறாள். அதைவிடப் பெரியது இன்னும் பாவாடைக்கு அடியில் இருந்தது. டாக்டர் எழிலைக் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகெலும்பின் அடியைத் தடவிப் பார்த்தார். திருப்பி உட்கார வைத்து முழங்காலைத் தட்டிப் பார்க்கப் பாவாடையை ஒதுக்கினார். கை நின்றது.

“இது என்ன கண்ணு?”

“குக்கர் மூடி பட்டுச்சு மேடம்” என்றாள் எழில். கேட்பதற்குக் காத்திருந்தவள் போல மளமளவென்று சொன்னாள். “மேலேந்து விய்ந்துச்சு. எங்கம்மா ஒடனே தண்ணி ஊத்துச்சு. அப்பறம் மருந்து போட்டுச்சு. அய்வாத அய்வாதன்னு சொல்லி மடில போட்டுக்கிச்சு.”

இதில் எதுவும் நடக்கவில்லை. குக்கர் மூடி மட்டும்தான் ஜெயக்கொடி சொல்லிக்கொடுத்தது. தண்ணீரையும் மருந்தையும் மடியையும் பிள்ளை தானாகவே சேர்த்துக்கொண்டது. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தாளோ. ஜெயக்கொடிக்கு அந்த அறையின் தரை இரண்டாகப் பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அப்போதும் அவள் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டாள்.

டாக்டர், ஞானத்தோடு எழிலை எடை பார்க்க அனுப்பினார். கதவு சாத்தியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“நான்தான் மேடம் வெச்சேன்” என்றாள் ஜெயக்கொடி. “கரண்டியால. கல்யாண வூட்ல அசிங்கமாப் பூடுச்சின்னு. திமிர்ல செய்யறான்னு நெனச்சேன்.”

“வேற எங்கயாவது?”

“இல்ல மேடம். அது ஒண்ணுதான். எம் பொண்ணு மேல சத்தியமா.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொண்ணு மேல் சத்தியம் செய்ய அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

“நான் இத எழுதி வெப்பேன்மா. எழுதணும். அடுத்த தடவ அவங்கப்பாவையும் கூட்டிட்டு வரணும். இங்க ஆலோசனை சொல்றதுக்குன்னு ஒரு கவுன்சிலர் இருக்காங்க, அவங்க உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசுவாங்க, அவகிட்ட தனியாவும் பேசுவாங்க. இன்னொரு தடவ இப்படி ஒண்ணு பாத்தேன்னா சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிடுவேன். புரியுதா?”

“புரியுது மேடம்.”

“தும்முற பிள்ளைக்கு யாராவது சூடு வெப்பாங்களா? இதுவும் அவ்ளோதான். அவ செய்யல. அவளுக்கு நடக்குது.” பிறகு டாக்டர், “நீங்க வேலைக்குப் போறீங்கல்ல. பகல்ல எத்தன தடவ பாத்ரூம் போவீங்க?” என்றார்.

ஜெயக்கொடி பதில் சொல்ல வாயெடுத்தாள். எண்ண ஒன்றுமே இல்லை. நல்ல பொண்ணுங்கோ கேக்க மாட்டாங்கோ என்று மடியில் வைத்துச் சொன்ன தன் குரல்தான் காதில் கேட்டது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். டாக்டர் அழவிட்டார், தேற்றவில்லை.

பொடி கொடுத்தார்கள், தண்ணீரில் கலக்கிக் குடிக்க. முதல் சில நாள் இன்னும் அதிகமாகத்தான் போகும், பயப்படாதீங்க, திட்டாதீங்க என்று ஞானம் திரும்பத் திரும்பச் சொன்னார். அடைப்பு போன பிறகும் மாதக்கணக்கில் பொடியை விடக் கூடாது. தண்ணீர் நிறைய, கீரை, கொய்யா. சாப்பிட்டு முடித்ததும் தினமும் கக்கூசில் அவசரமில்லாமல் உட்கார வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். “அவசரப்படுத்துனா மறுபடியும் இறுக்கிப்பா. அது முக்கியம்” என்றார்.

பீம்ராவ் இன்னொரு லோடும் முடித்து அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். காசிமேட்டில் வாங்கிய கானாங்கெளுத்தி ஒரு பையில், கொய்யாப்பழம் ஒரு பையில். எழில் கீழே விளையாடப் போயிருந்தாள். ஜெயக்கொடி மீனைக் கழுவிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சட்டியில் புளி கொதித்துக்கொண்டிருந்தது. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அவன் கொய்யாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“எனக்குத் தெரியும்” என்றான்.

“இன்னா தெரியும்?”

“குக்கர் மூடி வட்டமா கீது ஜெயா. அது நீட்டமா கீது.”

“அப்பறம் இன்னாத்துக்குயா கேக்கல?”

“கேட்டா நீ ஆமான்னுடுவ. அதுக்கப்பறம் நான் இன்னா பண்ணுவேன்? ஒன்ன அடிப்பனா? வூட்ட வுட்டுப் போவனா? லோடு கீதுன்னு எண்ணூரு போய்ட்டேன்.” கொய்யாவை அடுப்படியில் வைத்தான். “வரிசைல வண்டில ஒக்காந்து புத்தகம் படிச்சிகினு இருந்தேன். எம் பொண்ணு வூட்ல தொடையில காயத்தோட படுத்துகினு கீறா. நான் புத்தகம் படிச்சிகினு கீறேன்.”

அவன் அடித்திருந்தால் ஜெயக்கொடிக்கு லேசாக இருந்திருக்கும். அவன் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். அன்றைக்கு மீன் குழம்பை எழில் மட்டும்தான் சாப்பிட்டாள், முள் எடுத்துத் தரச் சொல்லி இருவரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டு.

ஞானம் சொன்ன மாதிரியே பொடி ஆரம்பித்த முதல் சில நாள் கொடுமையாகத்தான் இருந்தது. பாய், பாவாடை, நடை, மாடிப்படி எல்லாம் கலீஜ். ஜெயக்கொடி வேலைக்குப் போகாமல் துவைத்தாள். ஒவ்வொரு தடவையும் எழில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவள் கையைப் பார்ப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிச் சொல்லி ஜெயக்கொடிக்கு வாய் வலித்தது. பிள்ளை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

பிறகு அடங்கியது. எழில் பள்ளிக்கூடம் போனாள். ஜெயக்கொடியே போய் டீச்சரிடம் நடந்ததைச் சொல்லி, “கேட்டா வுடுங்க டீச்சர்” என்றாள். “தாராளமா போகட்டும். அங்க தண்ணிதான் வராது” என்றார் டீச்சர், அவரும் தலையைக் குனிந்துகொண்டு. பீம்ராவ் தண்ணீர் கொண்டுபோக மூடி போட்ட ஒரு சின்ன வாளி வாங்கிக் கொடுத்தான். எழில் அதைப் பையோடு தூக்கிக்கொண்டு போய் வந்தாள்.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்ததும் பட்டறையில் தீபாவளித் தையல் ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி நேரங்கழித்துத்தான் வந்தாள். மழை வருவதற்கு முந்தின புழுக்கம், மணலிப் பக்கத்து வாடையைக் காற்று அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அடிவயிறு கனத்து, மாடி ஏறும்போதே படிக்குப் படி நின்றுதான் ஏறினாள். எழிலுக்குச் சோறு போட்டு, பொடி கலக்கிக் கொடுத்து, வாளியோடு நடையின் கோடிக்கு இட்டுப்போய் உள்ளே விட்டாள். கதவுக்கு வெளியே நின்றாள்.

பின்னால் வாளிகள் சேர்ந்தன. முதலில் நின்றவள் எதிர்வீட்டுக் குப்பம்மா.

“யாரு உள்ள? தூங்கிட்டாங்களா?”

“எம் பொண்ணு.”

“எவ்ளோ நேரம்? இன்னா பண்றா?”

எத்தனையோ நாள் இதே கேள்விக்குக் கதவைத் தட்டி, பாதியில் பிள்ளையை வெளியே இழுத்தவள் ஜெயக்கொடிதான். இப்போது கதவுக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்து நின்றாள்.

“அவளுக்கு வெளிக்கி அடைச்சிகினு கஸ்டப்பட்டா. ஆஸ்பத்திரில காட்டிகினு கீறோம். தெனம் இந்நேரம் ஒக்காரச் சொல்லி கீறாங்கோ. ஆவுற வரிக்கும் ஆவட்டும். யாரும் கதவத் தட்டாதீங்கோ.”

இதைச் சொல்லும்போது அவள் காது வரை சூடேறியது. குப்பம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். “சரி, ஒக்காரட்டும். அதுக்கு ஏன் இப்டிப் பேஜாரு பண்ற” என்றாள்.

உள்ளேயிருந்து எழிலின் குரல் வந்தது. “எம்மா.”

“இங்கதான் கீறேன். நீ ஒக்காரு.”

“நீ வேலைலேந்து இப்பதான வந்த?”

“ஆமா.”

“காலைலேந்து நீ போவலல்ல?”

ஜெயக்கொடி காலை மாற்றிப் போட்டாள்.

“நீ வாம்மா மொதல்ல. எனக்கு வர்ற மாதிரிதான் கீது. பரவால்ல, நான் அடக்கிக்கிறேன்.”

வாளி மேல் உட்கார்ந்திருந்த குப்பம்மா சிரித்தாள். “எவ்ளோ நல்ல பொண்ணு பாரேன்” என்றாள் பின்னால் நின்றவளிடம். பின்னால் நின்றவளும் ஆமாம் என்றாள்.

“அடக்காத எயிலு” என்றாள் ஜெயக்கொடி. கதவில் வாயை வைத்து மறுபடியும் சொன்னாள். “அடக்கக் கூடாது கண்ணு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

சொல்லும்போதே அவள் இரண்டு தொடைகளையும் இறுக்கிக்கொண்டுதான் நின்றாள்.